தனியறைக்கு ஓர் எல்லை

மலையை மேகம் மூடியிருந்தது. ஏறி வந்த தளவாய்க்குத் தன் கால் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை. அரண்மனைக்குச் சட்டம் எழுதுகிற பெரிய மனிதர். அவர் வழி தெரியாமல் தடுமாறுவது இங்கே மட்டும்தான்.

அவருடைய குரு உலகம்மை சுனைக்கரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தாயே, சிறைச் சட்டத்துக்கு நாளைக்கு ராஜா முத்திரை வைக்கப் போறார். ஒரு கைதியைத் தனியறையில எவ்வளவு காலம் அடைக்கலாம்? அது ஒண்ணுதான் இன்னும் எழுதல."

"இப்ப யாரை அடைச்சிருக்கு?"

"பிச்சாண்டின்னு ஒருத்தன். காவலன் மண்டையை உடைச்சவன். இப்பல்லாம் சுவரை மச்சான்னு கூப்பிடுறான். நான் எழுதுற எல்லையை வச்சுத்தான் அவன் வெளிய வரணும்."

"நீ என்ன நினைச்சிருக்க?"

தளவாய் நெளிந்தார். "ஒரு வருஷம். நீங்க குகையில பன்னிரண்டு வருஷம் தனியா இருந்துதானே ஞானம் பெத்தீங்க? அவனுக்கும் நல்லதுதானே?"

உலகம்மை சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கீரை சரிந்தது. ஞானத்தைச் சிறைக்குள் தள்ளிப் பூட்டிக் கொடுக்கலாம் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"தனியாவா? யாருப்பா சொன்னா? மாடத்தின்னு ஒரு ஆட்டுக்காரி. தினம் கூழை வச்சிட்டு, 'ஏ சாமியாரம்மா, உசுரோட இருக்கியா?'ன்னு சத்தம் போடுவா. நான் 'உம்'முன்னு சொல்லணும். சொல்லலைன்னா ஏசித் தீத்துருவா. தவம் கெடுதேன்னு எனக்கு எரிச்சலா வரும்."

"அப்புறம்?"

"ஒரு ஐப்பசியில அடைமழை. அவ வரல. கலயத்துல கூழ் மிச்சம் இருந்துச்சு, பசியில்ல. மழை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு. நானும் 'உம்' 'உம்'முன்னேன். போகப் போக, கூப்பிடுறது யாரு, பதில் சொல்லுறது யாருன்னே தெரியல. என் கையைப் பார்த்தேன். வேற யார் கையோ மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன்பா."

இருவருக்கும் நடுவே மேகம் புகுந்தது. தளவாய்க்குக் குரல் மட்டும் கேட்டது.

"கொட்டுற மழையில மலையிறங்கி ஓடினேன். மாடத்தியை எழுப்பி, 'என்னைய ஏசுட்டி'ன்னு அழுதேன்."

சுவரோடு உறவு கொண்டாடுகிறவனை நினைத்துத் தளவாய் முதல்முறையாகப் பயந்தார்.

"அவ வராமப் போய் அது எத்தனையாவது நாள் தாயே? சொல்லுங்க, அதையே எழுதிடுறேன்."

"எனக்குத் தெரியாதுப்பா. குகைக்குக் கதவு இல்ல, ஓடி வந்துட்டேன். கதவு இருந்திருந்தா, எத்தனை நாள்னு நீ வந்து கேட்க இன்னைக்கு இங்க ஆளே இருந்திருக்காது."