இடது பக்கத்துப் பிரேக்

நாச்சிமுத்துவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அளவு என்றால் உயிரை விடுவார். ஐந்து மாதமாக ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் ஹேட்ச்பேக் என்கிற சின்னக் கார், வலது பக்கம் அதைவிட உயரமான கிராஸ்ஓவர். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் எத்தனை மில்லிமீட்டர், முழுசாகத் திரும்ப எத்தனை மீட்டர், டிக்கியில் எத்தனை பை என்று பக்கம் பக்கமாக எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தார். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்கூட வீட்டில் அதே பேச்சுதான்.

அவர் கட்சி கிராஸ்ஓவர்.

"உசரமா உக்காந்தா ரோடு நல்லாத் தெரியும் கோகிலா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் மனைவி கோகிலவாணிக்கு ஹேட்ச்பேக்தான் பிடித்திருந்தது.

"நம்ம சந்துல ஒரே ஒடிப்புல திரும்பும்ங்க. என் கைக்கு அடங்கும்."

லைசென்ஸ் இருந்தது கோகிலவாணியிடம் மட்டும். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்கள். ஒன்பதாம் நாள் நாச்சிமுத்து வண்டியை நடுரோட்டுத் தடுப்புமேல் ஏற்றிவிட்டார். இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "மொதல்ல வண்டியைப் பத்தி நல்லாப் படிச்சுட்டு வர்றேன்" என்று போனவர்தான். கோகிலவாணி தினமும் போனார், கற்றுக்கொண்டார், டெஸ்டில் முதல் தடவையிலேயே பாஸ் செய்தார்.

இப்போது தலை போகிற அவசரம். கோகிலவாணி நர்ஸ். கருமுடி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் பொறுப்பு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இருபத்துமூன்று வருஷம் காத்திருந்த பொறுப்பு. ஆனால் ஆஸ்பத்திரி மலைமேல். பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். டியூட்டி காலை எட்டு மணிக்கு. முதல் பஸ் போய்ச் சேருவதே ஒன்பதரைக்கு. கார் ஓட்டிப் போனால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வருகிறேன், வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஷோரூமில் ஏதாவது ஒன்றுக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். காலையில் இரண்டு பேரும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்கள்.

மாஸ்டர் பெயர் ஜைத்தூன். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். நாச்சிமுத்துவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் பேச மாட்டார். கற்றுக்கொள்ள வந்தவர் சுவரில் கொண்டுபோய் முட்டினாலும் அவர் குரல் உயராது. கையில் எப்போதும் ஒரு துணி, எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார்.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்விதான்" என்றார் நாச்சிமுத்து. "ஹேட்ச்பேக்குங்களா, கிராஸ்ஓவருங்களா? நீங்க எதைச் சொல்றீங்களோ அதை எடுத்துக்கறோம்."

நோட்டை நீட்டினார். ஜைத்தூன் வாங்கி, ஒரு பக்கம் விடாமல் பார்த்தார்.

"கையெழுத்து அழகா இருக்குதுங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்தார்.

"அது கிடக்கட்டும். எந்த வண்டி?"

"சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"ஆச்சுங்க."

"அப்ப வாங்க. கருமுடிக்கு ஒரு நடை போயிட்டு வந்துரலாம்."

பயிற்சி கார் வாசலில் நின்றது. ஜைத்தூன் இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டுக்கு முன்னால் குனிந்து ஏதோ செய்தார். மிதியடியைத் துடைக்கிறார் என்று நாச்சிமுத்து நினைத்தார். நிமிர்ந்தவர் துணியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, நீங்க ஓட்டுங்க. அண்ணா, நீங்க என் சீட்ல உக்காருங்க. நான் பின்னால."

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சி காரில் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் மாஸ்டர் மிதித்து நிறுத்துவதற்கு.

"ஏனுங்க மாஸ்டர், அங்க பிரேக் இருக்குதே!"

"மிதிக்கணும்னு தோணுச்சுன்னா மிதிங்கண்ணா."

அட, இதைத்தானே அவர் மனசு கேட்டது! இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, வலது காலை அந்தப் பெடல்மேல் வைத்து, நாச்சிமுத்து உட்கார்ந்தார். கோகிலவாணி கண்ணாடியைச் சரிசெய்தார், வண்டியை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்ட் முக்கில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. நாச்சிமுத்து ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது.

"பாத்தியா கோகிலா? ஒண்ணு."

"சரிங்க."

அடிவாரத்துக்குள் ஐந்து ஆகிவிட்டது. அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். சில தடவை பிரேக் சற்று லேட்டாகப் பிடித்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சில தடவை மிதித்தும் பிடிக்கவே இல்லை. பார்த்தால் அந்த இடத்தில் பயப்படவும் ஒன்றும் இருக்காது. அதையெல்லாம் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது வளைவில் எஸ்டேட் பஸ் ஒன்று ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. நாச்சிமுத்து இரண்டு காலாலும் மிதித்தார். கார் ஓரத்துக் கல்லை ஒட்டி நின்றது. பஸ் உரசாமல் போனது.

"தப்பிச்சோம்டா சாமி! நான் மட்டும் மிதிக்காம இருந்திருந்தா?"

"ம்" என்றார் கோகிலவாணி.

"ஹாரன் அடி. மெதுவா. அந்தப் பக்கம் பள்ளம். கியரைக் கொறை."

ஏழாவது வளைவுக்கு மேல் அந்த அம்மா "ம்" போடுவதையும் நிறுத்திவிட்டார். முகம் சின்னதாகிவிட்டது. பின்சீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

பதினோராவது வளைவில் மேகம் இறங்கியிருந்தது. திரும்பினால், ரோட்டுக்கு நடுவில் ஒரு காட்டுமாடு.

அது எவ்வளவு பெரியது என்று காருக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பிளான் வரைகிற மனுஷர், ஒரு பார்வையில் எதையும் அளந்து சொல்லிவிடுவார். அன்றைக்கு அவருக்கு ஒரு அளவும் வரவில்லை. திமில் மேகத்துக்குள் போயிருந்தது. கொம்பு இரண்டும் வண்டியின் அகலத்துக்கு இருந்தன. நாச்சிமுத்து உயிரைக் கொடுத்து மிதித்தார். வண்டி குலுங்காமல் நின்றது. கோகிலவாணி எஞ்சினை அணைத்தார்.

காட்டுமாடு அவர்களைப் பார்த்தது. அது மூச்சு விடுவது மூடிய கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா, கும்பிடத் தோன்றியதா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு பெரிய வீடு நகர்கிற மாதிரி அது மெல்ல நகர்ந்து புதருக்குள் இறங்கியது.

"போயிருச்சு. எடு, எடு!"

கோகிலவாணி எடுக்கவில்லை.

"எடுன்னு சொல்றனல்ல!"

அந்த அம்மா உதட்டில் விரல் வைத்தார். மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கன்று, காரின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், தத்தித்தத்தி ரோட்டைத் தாண்டித் தாய் போன வழியில் போனது. அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் நாச்சிமுத்து காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வாய் ஓயவில்லை.

"பத்தொம்பது! எண்ணிட்டே வந்தேன். பத்தொம்பது தடவை நான் மிதிச்சேன், அதனால முழுசா வந்து சேந்தோம். நாளைக்கு நீ தனியா வர்றப்ப எவன் மிதிப்பான்? அதுக்குத்தான் சொல்றேன், உசரமான வண்டின்னு. அதுலயும் ஒரு டிரைவரைப் போட்டுத்தான்."

கோகிலவாணி ஆஸ்பத்திரியைப் பார்த்தார். ஓட்டுக் கட்டடம். வராந்தா பெஞ்சில் தேயிலை பறிக்கிற பெண்கள் நாலைந்து பேர், கையில் சீட்டோடு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தபடி நின்றார்.

"வேண்டாங்க" என்றார். "எனக்கு வரலைங்க, நீங்க சொல்றது சரிதான். பத்தொம்பது தடவை நீங்க மிதிக்க வேண்டியிருந்துச்சுன்னா நான் என்னத்தைக் கத்துக்கிட்டேன்? வரலைன்னு திங்கக்கிழமை எழுதிக் குடுத்துடறேன். வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சாவியை ஜைத்தூனிடம் நீட்டினார். கண் நிறைந்திருந்தது. நாச்சிமுத்துவுக்கு ஜெயித்த மாதிரி இல்லை.  அவள் வேலையை விட வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. அவள் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஜைத்தூன் சாவியை வாங்கவில்லை.

"அண்ணா, நீங்க மிதிச்ச பெடலுக்கு அடியில கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

நாச்சிமுத்து செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெடலிலிருந்து ஒரு கம்பி ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக் வரைக்கும் போக வேண்டும். போகவில்லை. மாட்டுகிற இடத்தில் ஓட்டை காலியாக இருந்தது. கம்பி இரண்டு விரல் அகலம் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. பெடலைக் கையால் அழுத்தினார். அது இறங்கியது, ஏறியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அவர் நிமிர்ந்தபோது ஜைத்தூன் சட்டைப்பையிலிருந்த துணியை விரித்துக்கொண்டிருந்தார். உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு, கம்பியைப் பெடலோடு கோக்கிற ஒரு இரும்புப் பின்.

"இதை... எப்பக் கழட்டுனீங்க?"

"கெளம்பறதுக்கு முன்னாடிங்கண்ணா."

"அப்ப நான் மிதிச்சதெல்லாம்?"

"சும்மா மிதிச்சீங்க."

"ஆடு வந்தப்ப?"

"அக்கா."

"பஸ்ஸு?"

"அக்காதான்."

"அந்தக் காட்டுமாடு?"

ஜைத்தூன் புருவத்தைச் சுருக்கினார்.

"காட்டுமாடு வந்துச்சுங்களா? எங்க?"

"என்ன மாஸ்டர் எங்கன்னு கேக்கறீங்க? பதினோராவது வளைவுல! மூக்குக்கு முன்னாடி நின்னுச்சே!"

"எனக்குத் தெரியலைங்கண்ணா. எட்டாவது வளைவுலயே தூங்கிட்டேன்."

நாச்சிமுத்து காலியான பின்சீட்டைப் பார்த்தார். பிரேக்கைக் கழற்றிவிட்டு, பதினாலு வளைவு மலையில், இந்த மனுஷி தூங்கியிருக்கிறார்! வண்டி ஓட்டவே பிறந்தவர், எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், தன் உயிரைக் கோகிலாவின் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். அவர் ஐந்து மாதம் அளந்த நோட்டில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அதே கோகிலாதான். ஆடு வந்தபோது அவள் நிறுத்தினாள். பஸ் வந்தபோது அவள் நிறுத்தினாள். அவ்வளவு பெரிய ஜீவன் எதிரில் நின்றபோது, காதருகில் இவர் கத்திக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு கன்று வரும் என்று காத்திருந்தாள். காட்டுமாட்டைப் பார்த்து வந்த அதே புல்லரிப்பு அவருக்குத் திரும்ப வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து இதைப் பார்க்காமல் விட்டோமே என்று நினைத்தார்.

"கோகிலா, பத்தொம்பதும் நீதானா?" என்றார்.

கோகிலவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நான் எண்ணலைங்க" என்றார். "நான் ரோட்டைப் பாத்துட்டு இருந்தேன்."

வராந்தாவிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, "புது நர்ஸம்மா வர்றாங்கன்னாங்க, நீங்கதானுங்களா?" என்று கேட்டாள். கோகிலவாணி கணவரைப் பார்க்கவில்லை, மாஸ்டரையும் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்றார். "திங்கக்கிழமை எழுதிக் குடுக்கறேன், அடுத்த வாரம் வந்துருவேன்."

மலை இறங்குவதற்குக் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டும் இடத்தில் கோகிலவாணி. இடது பக்கம் நாச்சிமுத்து. ஜைத்தூன் வெளியே நின்று, பின்னை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"ஏறுறதைவிட எறங்கறதுதாங்கண்ணா கஷ்டம். மாட்டி விடட்டுங்களா?"

நாச்சிமுத்து அந்தப் பின்னைப் பார்த்தார். கீழே வளைந்து வளைந்து மேகத்துக்குள் போகும் ரோட்டைப் பார்த்தார். ஸ்டியரிங்மேல் இருந்த கையைப் பார்த்தார்.

"வேண்டாங்க மாஸ்டர்."

ஜைத்தூன் பின்னைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். கதவைச் சாத்தி, சீட்டில் சாய்ந்து, கண்ணையும் மூடிக்கொண்டார்.

வண்டி கேட்டைத் தாண்டும்போது நாச்சிமுத்துவுக்கு நோட்டு ஞாபகம் வந்தது. மடியில்தான் இருந்தது.

"மாஸ்டர், தூங்கிராதீங்க. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல. ஹேட்ச்பேக்குங்களா, கிராஸ்ஓவருங்களா?"

ஜைத்தூன் கண்ணைத் திறக்கவில்லை.

"சாயங்காலம் ஷோரூம்ல ரெண்டு வண்டியிலயும் இடது பக்கம் ஏறி, காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உக்காந்து பாருங்கண்ணா. எதுல உக்கார முடியுதோ, அதை எடுங்க."

நாச்சிமுத்து பெடல்மேல் இருந்த தன் காலைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றினார்.