இரவல் வாய்

முன்பு ஒரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். ஒருவருக்காக இன்னொருவர் வந்து அவையில் நீட்டி முழக்குவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிற்று. "அவரவர் வழக்கை அவரவர் வாய்தான் சொல்ல வேண்டும். இரவல் வாய் பேசினால் நாக்கு போகும்" என்று ஓர் ஆணை எழுதினார். கட்டியக்காரர் அதை உரக்கப் படித்தார்.

அந்த யோசனையைக் கொடுத்தவர் அமைச்சர் விழுப்பரையர். அவருடைய மைத்துனர், நங்கை என்ற நெசவுக்காரியின் தறியைப் பறித்துவைத்திருந்தார். நங்கைக்குப் பேச்சு வராது. அவளுக்காகப் பேசத் துணிபவன் விகடகவி கூத்தன் ஒருவன்தான். தறியோடு அவன் நாக்கும் போகட்டும் என்று அமைச்சர் காத்திருந்தார்.

கூத்தன் மூன்று நாள் நங்கையின் எதிரில் உட்கார்ந்து அவள் கைகளைக் கவனித்தான். தறி அவள் தாய் கொடுத்தது என்று புரிந்தது.

அவையில் தறி யாருடையது என்று அவளை மூன்று முறை கேட்டார்கள். அவள் கைகள் சொன்னதை யாரும் பார்க்கவில்லை.

"மறுப்பில்லை. தறி என் மைத்துனருக்கே" என்றார் அமைச்சர்.

கூத்தன் எழுந்தான். தறியின் அடிக்கட்டையில் அவள் தாய் ஒரு மீன் செதுக்கியிருக்கிறாள் என்றான். கொண்டுவந்து கவிழ்த்தார்கள். மீன் இருந்தது.

"இரவல் வாய், அரசே. நாக்கை அறுக்க வேண்டும்" என்றார் அமைச்சர்.

"அறுக்கட்டும், வரிசைப்படி" என்றான் கூத்தன். "ஆணை தங்களுடையது, படித்த வாய் கட்டியக்காரருடையது. அடுத்து, மைத்துனருக்காகப் பேசிய அமைச்சர். மூன்றாவதாக நான்."

கட்டியக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அரசர் சிரித்துவிட்டு ஆணையைக் கிழித்தார். தறி நங்கைக்குத் திரும்பியது. கூத்தனுக்கு வழக்குரைஞன் என்று பட்டம் தருவதாகவும் சொன்னார்.

"பேசுவதற்குப் பட்டமென்றால் கிளிக்கும் கொடுக்கலாமே" என்று முணுமுணுத்தார் அமைச்சர்.

கூத்தன் சற்று யோசித்தான். "அமைச்சர் சொல்வது சரிதான், அரசே. நான் பேசியது கொஞ்சம். மூன்று நாள் அவளிடம் தெரிந்துகொண்டதுதான் வேலை. வழக்கறிஞன் என்று வையுங்கள்."

அப்போது நங்கை அரசரைக் காட்டி விரல்களை அசைத்தாள். என்ன சொல்கிறாள் என்று அரசர் கேட்டார்.

"ஆணை கிழிந்துவிட்டதுதானே, அரசே? தங்கள் சால்வையை நெய்தவர் யார், இழை தளர்ந்திருக்கிறதே என்கிறாள்."

அரசர் சால்வை நழுவும் அளவுக்குச் சிரித்தார். நழுவியதை எடுத்துக் கூத்தனுக்குப் போர்த்தினார். தமக்கு வேறொன்று நெய்து தரும்படி, தம் கைகளாலேயே தட்டுத்தடுமாறி நங்கையிடம் கேட்டார்.