மந்திரி குளத்துக்கு ஒரு தண்டோரா

கடம்பராயர் என்றொரு ராஜா நண்டுத்துறைக் கடற்கரையில் அணையாத உலை ஒன்றைக் கட்டினார். அதைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். குளிர்வித்த நீர் கொதிக்கக் கொதிக்கத் திரும்பவும் கடலுக்கே போகவேண்டும். அதற்கு அனுமதி ஓலை எழுதி முத்திரைக்கு நீட்டினார் மந்திரி திருமேனியார்.

"ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்?" என்றார் ராஜா.

"மூன்று நாள் காலையில் கடற்கரையிலேயே தண்டோரா போட்டேன், மகாராஜா. ஆட்சேபம் சொல்ல ஒரு ஈ காக்கைகூட வரவில்லை."

சபையின் கெட்டிக்காரன் அரங்கண்ணல் இதை நம்பவில்லை. முந்தின நாள்தான் மீன்காரி சந்தனமாரி அவனிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்: "காலையில எங்க ஆம்பளைங்க கடல்ல, நாங்க சந்தையில. யாருகிட்டக் கேட்டாங்களாம்? வெந்நி விட்டா கரையோர மீனெல்லாம் செத்துப்போகும் சாமி. அப்புறம் நாங்க எங்க போறது?"

"முத்திரையை நாளைக்கு வைக்கலாமே, மகாராஜா" என்றான். ராஜாவும் சரி என்றார்.

மறுநாள் அரங்கண்ணல் சபைக்குத் தாமதமாக வந்தான். கையில் இன்னோர் ஓலை.

"வெந்நீரில் பாதியை மந்திரியாரின் தாமரைக் குளத்துக்கு விடலாம், மகாராஜா. இப்போதுதான் அவர் வீட்டு வாசலில் மூன்று முறை தண்டோரா போட்டேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பசு மட்டும் தலையை ஆட்டியது. சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்."

மந்திரி பதறி எழுந்தார். "நான் இங்கே சபையில் அல்லவா இருந்தேன்? வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள்."

"நீங்கள் தண்டோரா போட்டபோது மீனவர்களும் கடலில்தான் இருந்தார்கள், மந்திரியாரே."

ராஜா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "இரண்டு ஓலைக்கும் சேர்த்து இன்று சாயங்காலம் கடற்கரையில் விசாரணை. படகெல்லாம் கரையேறிய பிறகு."

சாயங்காலம் குப்பமே திரண்டிருந்தது. தண்டோராக்காரன் வாய் திறக்கும் முன்பே முதல் ஆளாக எழுந்தவர் மந்திரிதான்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. வெந்நீர் வந்தால் குளத்து மீன் ஒன்றுகூட மிஞ்சாது. குஞ்சு பொரிக்காது. பாசி கருகிவிடும். செத்ததைத் திரும்ப யார் கொண்டுவருவார்கள்?" மூச்சுவிடாமல் அரை நாழிகை பேசிவிட்டு உட்கார்ந்தார்.

ராஜா சந்தனமாரியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"நான் சொல்ல என்ன இருக்கு மகாராசா? ஐயா குளம்னு சொன்ன இடத்துலெல்லாம் கடல்னு எழுதிக்கிடுங்க."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு ஓலைகளையும் அங்கேயே கிழித்துப் போட்டார். உலைக்காரர்கள் நீரை ஆறவைக்க வேறு வழி தேடப் போனார்கள். அரங்கண்ணலுக்கு ராஜா கொடுத்தது ஒரு முத்துமாலை, சந்தனமாரி கொடுத்தது ஒரு கூடை மீன். மாலையைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, மீன் கெடுவதற்குள் வீட்டுக்கு ஓடினான்.