தரிசுக்குள் புகுந்த ஆடுகள்

முன்னொரு காலத்தில் மேட்டுநாட்டைக் கெம்பீரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டது பாதி நேரம். மீதி நேரம் வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பார். அந்த வருஷம் வானம் பொய்த்துப் பயிரெல்லாம் கருகிப்போக, "யார் நிலம் தரிசாகக் கிடக்கிறதோ, அவருக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் மானியம்" என்றார். சரி, நிலத்தைப் போய்ப் பார்ப்பது யார்?

"இந்த வெயிலிலா? சபையில் வந்து சத்தியம் செய்தால் போதும்" என்று விசிறிக்காரனை முறைத்தார்.

பைரவராயருக்கு இது பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் அவருடையது. மந்திரி கூத்தபிரானிடம் ராஜா சிரித்துப் பேசினாலே அவருக்கு வயிறு எரியும். ஏரி மடையைக் கமுக்கமாகத் தன் பக்கம் திருப்பியிருந்ததால், அவர் வயல் மட்டும் கதிர் சாய்ந்து நின்றது. ஆனாலும் சபையில் மூக்கை உறிஞ்சினார்.

"மகாப்பிரபோ, என் வயலில் ஒரு புல் முளைத்தால்கூட அதைக் கட்டிக்கொண்டு அழுவேன். அத்தனையும் தரிசு. சத்தியம்."

களஞ்சியத்தில் மிச்சமிருந்த நெல் முழுக்க அவருக்கே போயிற்று. அவருக்குப் பின்னால் நின்ற வெயிலாச்சி, ஒரு பெரிய ஆட்டு மந்தைக்குக் கீதாரி, அதாவது தலைவி. அவளுக்கு ஒரு மணியும் மிஞ்சவில்லை.

"கம்பங்கொல்லை காஞ்சு கெடக்கு ராசா. நெல்லு இல்லேன்னா மந்தைய வித்துத்தான் கஞ்சி குடிக்கணும்."

"கொஞ்சம் முந்தி வந்திருக்கக்கூடாதா தாயே?" என்றார் ராயர், தேன் தடவிய குரலில்.

அதுவரை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த மந்திரி நிமிர்ந்தார். "ராயரே, தரிசுதானே?"

"மந்திரியாருக்குக் காதும் மந்தமா?"

"இல்லை, இன்னொரு தரம் கேட்க ஆசை."

"தரிசு. தரிசு. தரிசு."

"ரொம்ப சந்தோஷம். வெயிலாச்சி, நம் நாட்டு வழக்கம் தெரியுமில்லையா? பயிரில்லாத தரிசில் யார் மந்தையும் மேயலாம், நிலத்துக்காரர் தடுக்கக்கூடாது. ராயர் நிலத்தில் மண்தான் இருக்கும். இருந்தாலும் ஓட்டிப் பாரேன்."

ராயரின் சிரிப்பு பாதியில் நின்றது.

பல்லக்குத் தூக்கிகளை விரட்டோ விரட்டென்று விரட்டி வயலுக்கு வந்தால், கதிருக்குள் ஆடுகளின் முதுகுதான் தெரிந்தது.

"ஏய், ஓட்டு அதுகளை."

"எதுக்கு சாமி? புழுதியத்தானே நக்குதுக? நீங்க சத்தியம் பண்ணுன தரிசுல்ல?"

'மே' என்றது ஒரு கிடா, வாய் நிறையக் கதிரோடு.

பயிர் உண்டு என்றால் பொய்ச் சத்தியம். இல்லை என்றால் பயிரே மிஞ்சாது. ராயர் மறுபடியும் சபைக்கே பறந்தார்.

"பிரபோ, அற்புதம். நான் வரப்பில் கால் வைத்தேன், தரிசு அப்படியே கதிராகிவிட்டது. ஆடுகளை நிறுத்தச் சொல்லுங்கள்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிரபோ, இப்பேர்ப்பட்ட பாதத்தைப் பல்லக்கிலா வைப்பது? நாட்டில் எத்தனை கொல்லை காய்ந்து கிடக்கிறது."

"அதானே" என்று ராஜா மீசைக்குள் சிரித்தார். "ராயரே, வெயிலாச்சி கொல்லையில் ஆரம்பியும். கம்பு முளைக்கும்வரை நில்லும். அதுவரைக்கும் ஆடுகள் உம் வயலிலேயே சாப்பிடட்டும்."

உச்சிவெயில். வெடித்துக் கிடந்த கொல்லை நடுவே ராயர் வெறுங்காலோடு, கால் மாற்றி மாற்றி நின்றார். கொல்லைப் பொம்மை என்று நினைத்து ஒரு காக்கை தலைப்பாகையில் வந்து உட்கார்ந்தது.

வெயிலாச்சி குனிந்து மண்ணைப் பார்த்தாள். "இன்னும் மொளைக்கல சாமி. கொஞ்சம் அழுத்தி நில்லுங்க."

அவ்வளவுதான். "அற்புதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மடையைத் திருப்பினது நான்தான். நெல்லை இவளுக்கே கொடுத்துத் தொலையுங்கள்" என்று வரப்பில் வந்து நின்ற மந்திரியிடம் கத்திவிட்டு ராயர் நிழலைத் தேடி ஓடினார்.

நெல் வெயிலாச்சிக்கும் மற்ற குடியானவர்களுக்கும் போயிற்று. ராயரின் பல்லக்கை ராஜா மந்திரிக்குப் பரிசாகக் கொடுத்தார். மந்திரியோ, "எனக்குக் கால் இருக்கிறது, பாவம், நடக்கத் தெரியாதவர்கள் ஏறட்டும்" என்று வெயிலாச்சி மந்தையில் புதிதாகப் பிறந்த குட்டிகளை அதில் ஏற்றிவிட்டார். முன்தண்டைத் தூக்கியது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இன்றைக்கும் மேட்டுநாட்டில் மானியம் கேட்டு வாயைத் திறப்பவர்கள், முதலில் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்களாம், பின்னால் ஆடு ஏதும் நிற்கிறதா என்று.