நிறைசொம்பும் ஸ்பிரிங் பட்டையும்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிரட்டும். அத்தனையும் நடந்தது.

மலையடிவாரத்தில் சவரியம்மாளின் கொல்லுப்பட்டறை. மேஸ்திரியம்மாவுக்கு வயது முப்பத்தைந்து. அவரிடம் தொழில் கற்க வந்த வேதரத்தினத்துக்கு அறுபத்தொன்று. பஸ் டெப்போவில் மேற்பார்வையாளராக இருந்தவர். சட்டைப்பையில் அளவெடுக்கும் டேப் இல்லாமல் சாப்பிடக்கூட உட்காரமாட்டார்.

ஒருநாள் தவசி தன் பழைய காரை உருட்டிக்கொண்டு வந்தார். பின்சக்கரங்களின் ஸ்பிரிங் பட்டைகள் ஒடிந்திருந்தன. எந்தக் கடையிலும் அந்த வண்டிக்குப் பட்டை கிடையாது.

"நாளான்னைக்கு என் சம்சாரம் செண்பகவல்லிய ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு ஏத்தணும். முதுகுத்தண்டுல ஆபரேசன். ஒரு குலுக்கு பலமா விழுந்தா அப்புறம் நடக்கவே மாட்டான்னு டாக்டர் சொல்றாரு" என்றார் தவசி. அவர் வீடு மலைமேல், பன்னிரண்டாவது வளைவில்.

"நான் செய்றேன் மேஸ்திரியம்மா" என்றார் வேதரத்தினம்.

பழைய லாரிப் பட்டையை வெட்டி, காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, பக்கத்துக்கு ஏழு தகடு அடுக்கினார். மேலே பட்டறைக்கல்லைத் தூக்கிப் போட்டும் அது அசையவில்லை.

"யானை ஏறினாலும் வளையாது" என்றார்.

"அப்ப யானைக்கு வச்சுக்கலாம்" என்றார் சவரியம்மாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டை செய்தவர் வண்டியை ஓட்டவேண்டும். மேஸ்திரி மடியில் நிறைசொம்புத் தண்ணீரோடு பின்னால் உட்காருவார். அன்றைக்கு மூன்றாவது வளைவிலேயே சொம்பு காலி. சேலை தெப்பல்.

வேதரத்தினம் பதறி இறங்கி, குனிந்து பார்த்தார். "பட்டைக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆமாண்ணே. பட்டைக்கு ஒரு கீறல்கூட இல்ல." சவரியம்மாள் முந்தானையைப் பிழிந்தார். "சாவியக் குடுங்க. பின்னால போய் மல்லாந்து படுங்க."

மிச்ச ஒன்பது வளைவையும் வேதரத்தினம் படுத்தபடியே ஏறினார். முதல் குழியில் "அம்மா" என்றார். அடுத்ததில் அப்பாவையும் சேர்த்துக் கூப்பிட்டார். கடைசி வளைவு முடிவதற்குள் அவருடைய வம்சத்தில் கூப்பிட ஆள் மிச்சமில்லை. சவரியம்மாள் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறுகையால் ஒவ்வொரு முனகலுக்கும் கதவில் சாக்குக்கட்டிக் கோடு போட்டுக்கொண்டே ஓட்டினார்.

திரும்பி வந்ததும் சவரியம்மாள் டேப்பைத் தொடவேயில்லை. கதவிலிருந்த கோடுகளைப் பார்த்தார், படுத்தவரின் முகத்தைப் பார்த்தார், பட்டைகளைப் பிரித்தார். பக்கத்துக்கு இரண்டு தகட்டை எடுத்து எறிந்தார். மற்றவற்றின் நுனியை மெல்லிசாகத் தட்டினார். மறுபடி காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, இளஞ்சூடு காட்டி, வேப்பங்குச்சியால் தேய்த்துச் சூடு பார்த்தார். குச்சி நுனி புகைந்தது. பட்டையை நெருப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஏன் இப்ப எடுத்தீங்க?" என்றார் வேதரத்தினம்.

"பட்டை போதும்னுச்சு."

குறித்த நாளில் செண்பகவல்லியைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் நிறைசொம்பு. தவசி ஓட்ட, சவரியம்மாள் முன்னால் அமர்ந்தார். வேதரத்தினம் அவர்கள் நடுவே திரும்பி உட்கார்ந்து சொம்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் வளைவில் ஒரு தட்டான் ஜன்னல் வழியே வந்து சொம்பின் விளிம்பில் அமர்ந்தது. குழி வந்தது, பாறை வந்தது, வண்டி ஓடையில் இறங்கி ஏறியது. பன்னிரண்டாவது வளைவு வரை அது சிறகை அசைக்கவில்லை. வேதரத்தினம் மூச்சே விடவில்லை. ஏழாவது வளைவில் விட்டார் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

வீட்டு வாசலில் தவசி மனைவியைத் தொட்டு எழுப்பினார்.

"என்ன, இன்னும் கிளம்பலையா?" என்றாள் அவள்.

தவசி ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வேதரத்தினம் இறங்கி, வந்த பாதையைப் பார்த்தார். குழிகள் அப்படியே கிடந்தன.

"மேஸ்திரியம்மா, அவ்வளவு குலுக்கலும் எங்க போச்சு?"

சவரியம்மாள் அவர் கையைப் பிடித்து வண்டிக்கு அடியில் கொண்டுபோய்ப் பட்டையின்மேல் வைத்தார். காய்ச்சல் கண்ட நெற்றிபோல் சுட்டது. உள்ளே இன்னும் ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது தூங்கலண்ணே" என்றார்.

வேதரத்தினம் கையை எடுக்கவில்லை.

கேட்டீர்கள் அல்லவா, உங்களோடு இருக்கட்டும். யாருக்காவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் தட்டான் சொன்னதாகச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.