கஷாயம் குடித்தது குயிலா?

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு அக்காளும் தங்கையும் வந்தபோது, முதலில் சத்தம்தான் வந்து சேர்ந்தது. ஆட்கள் பிறகுதான்.

"சாமி! நான் புஸ்தகம் எழுதப் போறேன்!"

வாசல் படலைத் தள்ளும்போதே உலகம்மை சொல்லிவிட்டாள். ஒரு செருப்பு காலில் இருந்தது, ஒன்று கையில் இருந்தது.

சாமி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். உலகம்மையின் மூத்த மகனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போன பிறகு, விளக்கை ஏற்றிவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றவளை, ஒன்றும் கேட்காமல் கும்பிடப் பழக்கியவர்.

"என்ன புஸ்தகம், பெரியம்மா?"

"ஒண்ணு இல்ல சாமி, மூணு! எங்க வீட்டுக் கதை ஒண்ணு. இந்த மலையில நான் பார்த்த மரம், செடி, குருவி எல்லாம் ஒண்ணு. எங்கம்மா இருந்தப்போ விடியக்காலம் சொன்ன வேண்டுதலை எல்லாம் சேர்த்து ஒண்ணு. எட்டாங்கிளாஸோட நின்னவளுக்கு என்ன வந்துட்டுன்னு தெரியல. கறிவேப்பிலை உருவும்போது ஒரு வரி வருது. குளிக்கையில ரெண்டு வரி வருது. சோப்பைப் போட்டுட்டு ஓடிவந்து எழுதுதேன்!"

"சோறு தீஞ்சு போகுது. அதைத் திங்கது நான்" என்றாள் பின்னால் மூச்சு வாங்க வந்த கோமு. உலகம்மையின் தங்கை. இப்போது இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

சாமி சிரித்தார்.

"முதல் அத்தியாயம் முடிச்சாச்சு சாமி. வாசிக்கட்டா?"

"அதைத்தான் வாசிக்கக் கூடாதுங்கேன்" என்று கோமு கீழே உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். இருவரும் சிறுமிகளாக இருந்தபோது, ஓர் ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு மலைமேல் அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். காட்டில் கோமு காணாமல் போனாள். பெரியவர்கள் பதறிப்போய் ஆற்றங்கரை நெடுகத் தேடினார்கள். உலகம்மையின் காதில் மட்டும், எதிர்ப்பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து, "அக்கா... அக்கா..." என்று விழுந்தது. ஓடினாள். ஒரு பாறையடியில் கோமு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மேலே கிளையிலிருந்து ஓர் அக்காக்குயில் பறந்து போயிற்று. "அக்கா, அக்கா" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏற்றிக் கூவுகிற குயில் அது. பெயரே அதனால் வந்ததுதான்.

"அய்யனாரே குயிலா வந்து கூப்பிட்டிருக்காரு" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் கதை.

"கூப்பிட்டது நான், சாமி" என்றாள் கோமு. "தொண்டை கிழியக் கத்துனேன். இவ வந்து சேருதப்போ எனக்குக் குரலே இல்ல. அதான் வாயைத் திறக்கல. பெறகு நாலு நாளு கஷாயம் ஊத்துனாங்க. குயிலா குடிச்சுது கஷாயம்?"

"ஏட்டி, அந்த வயசுல உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

"கசப்பு ஞாபகம் இருக்கு."

உலகம்மை சாமியின் பக்கம் திரும்பினாள். "இவ சொல்லுதபடி எழுதுனா என்ன சாமி இருக்கு? பிள்ளை கத்துச்சு, அக்கா போனா. முடிஞ்சுபோச்சு. குயில் வந்தாத்தான அய்யனார் வாராரு! எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கு!"

"நல்லா எழுதிக்கோ. அந்தப் புஸ்தகத்துல என் பேரு இருக்கக் கூடாது. அந்த வீட்டுல ஒத்தப் பொண்ணுன்னு போட்டுக்கோ."

உலகம்மைக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் பிறந்தவர்களில் இப்போது மிச்சம் இவர்கள் இருவர்தான். தங்கை இல்லாத வீட்டுக்கதையை யாருக்காக எழுதுவது? குயில் இல்லாமல்தான் எப்படி எழுதுவது?

"நீங்களே சொல்லுங்க சாமி. அன்னிக்குக் கூப்பிட்டது யாரு?"

"நான் அப்போ பிறக்கவே இல்லையே."

"அப்ப நான் எதை எழுத?"

சாமி கையைக் கழுவினார். "உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் எழுதிப் பாருங்க. சின்னம்மா, பூசைக்கு ஓடையில ஒரு செம்பு தண்ணி எடுத்துட்டு வாரீங்களா?"

"எழுதுதவ மகாராணி. நான் தண்ணிக்கு." முனகிக்கொண்டே கோமு செம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

உலகம்மை மருத மரத்தடியில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்தாள். முந்தின நாள் மழை இலைகளில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மண் வாசனையே நெஞ்சை நிறைத்தது. ஒரு மரங்கொத்தி பட்டையைத் தட்டித் தட்டிக் கேட்டது, யார் உள்ளே என்பதுபோல. இதையும் எழுதணும், அதையும் எழுதணும் என்று கை பரபரத்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடி, அய்யனாரே, வழிகாட்டு என்று கும்பிட்டுக்கொண்டாள்.

"அக்கா..."

மரங்களுக்கு அப்பாலிருந்து வந்தது. பேனா நின்றது.

"அக்கா... அக்கா..."

படிப்படியாக ஏறிற்று. உலகம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்ட உடனே சாட்சி சொல்ல வந்துட்டியா!

"சாமி, கேட்டீங்களா? கூப்பிடுது! கூப்பிடுது!"

சாமி எங்கே போனார் என்று அவள் பார்க்கவும் இல்லை. எழுதினாள். 'அது என் பெயர் சொல்லி அழைக்கவில்லை, உறவு சொல்லி அழைத்தது' என்று எழுதினாள். அந்த வரி அவளுக்கே அவ்வளவு பிடித்துப்போயிற்று. அடிக்கோடு போட்டாள். குரல் இன்னும் ஏறிக் கூப்பிட்டது. அதையும் எழுதினாள். பிறகு குரல் நின்றுபோயிற்று. 'பறந்து போயிற்று' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

நிமிர்ந்தபோது ஒற்றையடிப் பாதையில் இருவர் வந்துகொண்டிருந்தார்கள். சாமியின் தோளைப் பிடித்தபடி கோமு நொண்டி நொண்டி வந்தாள். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

"என்னட்டி இது!"

"வழுக்கிட்டு." கோமுவின் குரல் கரகரத்தது. "பாறை இடுக்குல கால் மாட்டிக்கிட்டு. எத்தனை தடவைதான் ஒரு மனுசி கூப்பிடுதது? தொழுவத்துல நின்ன சாமிக்குக் கேக்குது. உனக்குக் கேக்கலையா?"

உலகம்மை வாயைத் திறந்தாள். கேட்டது என்று சொல்ல முடியவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. மடியிலிருந்த தாளைக் கையால் மூடினாள்.

கோமு விடவில்லை. கையை விலக்கி, அடிக்கோடு போட்ட வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அவள் தோள் குலுங்கிற்று. அழுகிறாளோ என்று உலகம்மை பயந்தாள். கோமு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா! இந்தத் தடவையும் என்னைக் குயிலாக்கிட்டியா?"

உலகம்மைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"சாமி, இனி நான் எதை எழுத?"

சாமி கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "முதல்ல தலையைத் துவட்டுங்க. ஈரம் நிக்கக் கூடாது."

உலகம்மை தங்கையை முன்னால் உட்கார வைத்துத் துவட்டினாள்.

"அன்னிக்கும் இப்படித்தான்க்கா" என்றாள் கோமு மெல்ல. "ஒரு பச்சைப் பாம்பைப் பார்த்துட்டுத்தான் நான் அந்தப் பாறைக்கு ஓடுனேன். அம்மான்னு கூப்பிட்டேன். அப்பான்னு கூப்பிட்டேன். யாரும் வரல. தலைக்கு மேல ஒரு குருவி அக்கா அக்கான்னு கத்துச்சு. அட, நம்ம அக்காளைக் கூப்பிடவே இல்லையேன்னு அப்பத்தான் தோணுச்சு. அது கூடவே சேர்ந்து நானும் கத்துனேன்."

துண்டு நின்றது.

"நிசமாவாட்டி! இத்தனை வருசமா இதை ஏன் சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட?"

"அய்யனாரே! இதுல்ல கதை! நிறுத்துட்டி, நிறுத்து. பேனா எங்க? சாமி, ஒரு சொல்லு விட்டாலும் போச்சே! ரெண்டு கையும் துண்டுல இருக்கு, நான் எப்படி எழுத?"

சாமி தாளையும் பேனாவையும் எடுத்துத் தள்ளி வைத்தார்.

"காது சும்மாத்தானே இருக்கு, பெரியம்மா."