நாற்பது நிமிடச் சோதனை

வங்கிகளுக்காக ஹார்ட் டிஸ்க் சோதிக்கும் கம்பெனி அது. டிஸ்க்கில் எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க, ஒப்பந்த ஊழியர் பூங்காவனத்தின் புரோகிராமுக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

"என்னோடது நாலே நிமிஷம். இன்னிக்குள்ள உன்னோடதையும் நாலாக்கு. இல்லாட்டி நாளைக்கு வராதே" என்றார் இயக்குநர் வைத்தியலிங்கம், சோதனையைப் பார்க்க வந்திருந்த வங்கி அதிகாரியின் முன்னால்.

"ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க சார், கத்துக்கறேன்."

ஓட்டினார். சரிபார்ப்பு பாதியில் இருக்கும்போது பூங்காவனம் டிஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். புரோகிராம் நிற்கவில்லை. நாலாவது நிமிடம், 'அனைத்தும் சரி' என்று பச்சை எழுத்தில் காட்டியது.

"டிஸ்க் இங்க இருக்கு சார். உங்க புரோகிராம் கம்ப்யூட்டர் மெமரியில இருக்கிற நகலைப் படிச்சிட்டு சரிங்குது."

வைத்தியலிங்கம் ஏ.சி.யைக் கூட்டச் சொன்னார். அதிகாரி நாற்காலியைப் பூங்காவனத்தின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நாற்பது நிமிஷம் ஆகட்டும்மா. உக்காந்திருக்கேன்."